லத்தீன் பாதி

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்: கண்டி மாநகரின் அறிவு வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்படவேண்டிய மாபெரும் நிகழ்வொன்று, சென்ற மே மாதத்து மூன்றாம் சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு, அம்பிட்டிய பங்கு மண்டபத்தில், அறுபது பிளாஸ்டிக் கதிரைகளின் முன்னிலையில் நடந்தேறியது. ‘டெலிவிஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் தோற்றுவாய் அன்றுதான் முழுமையாக வெளியிடப்பட்டது. அதன் முதற்பாதி கிரேக்கம் என்பது அம்பிட்டியவில் நாய் பூனைக்கும் தெரியும். பின்பாதிதான் நாற்பத்துமூன்று வருடங்களாக இழுபட்டுக்கொண்டிருந்தது.

வெளியிட்டவர் திரு. பஸ்தியாம்பிள்ளை. வயது எழுபத்தெட்டு. கச்சேரி என்கிற அரசாங்கக் காரியாலயத்தில் முப்பத்தைந்து வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒழுங்குசெய்தது எங்கள் மலைச்சாரல் இலக்கிய வட்டம். வட்டத்தின் தலைவர், மாநகரசபையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற சுந்தரலிங்கம் அண்ணன். செயலாளர் நான். மொத்தம் பதினான்கு அங்கத்தவர்கள். அதில் மூன்று பேர் கனடாவில். கூட்டத்துக்கு வரமுடியாமைக்கு ஒழுங்காக வருத்தம் தெரிவிக்கிறவர்கள் அந்த மூன்று பேர்தான்.

உண்மையைச் சொல்வதானால், பஸ்தியாம்பிள்ளை அங்கிளிடம் நாங்கள் போனது ஆளில்லாத குறைக்கு. பேசுவதாக இருந்த பேராசிரியர் மகளின் பிரசவத்துக்காக மெல்பேர்ன் போய்விட்டார். மண்டபம் எடுத்தாயிற்று, பதாகை அடித்தாயிற்று. பதாகையில் பேச்சாளரின் பெயருக்கு மேல் ஒரு வெள்ளைக் கடதாசியை ஒட்டினால் சரி என்ற நிலைமை.

என்ன தலைப்பு என்று நான் கேட்டிருக்கவே தேவையில்லை. அவருக்கு ஒரே ஒரு தலைப்புத்தான் உண்டு. அவரோ ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

“இடையில நிறுத்த மாட்டீங்களே?”

நிறுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் எழுந்து, எழுதி வைத்திருந்த தாள்களை எடுத்துவர உள்ளே போனார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து அவருடைய மனைவி தெரேசா அன்ரி தேத்தண்ணியோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

“அவருக்கு லத்தீன் வராதுன்னுதானே ஊர் பூரா நினைச்சுக்கிட்டிருக்கு?”

நான் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டேன். ஊர் பூரா அல்ல, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சின்ன வயதில் அவருடைய முதுகுக்குப் பின்னால் ‘லத்தீன் பெயில்’ என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். கதை இதுதான்: பஸ்தியாம்பிள்ளையின் அப்பா ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டமொன்றின் கத்தோலிக்கக் கோயிலில் உபதேசியார். மகன் சுவாமியாராகப் போகிறான் என்று சுற்றிலுமுள்ள மூன்று தோட்டங்களுக்கும் அறிவித்து, அனுப்பிவைக்கிற பூசையும் வைத்து, மாலை போட்டு பஸ் ஏற்றிவிட்டார். மகன் அம்பிட்டிய மேட்டுக் குருமடத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, அதே பெட்டியோடு திரும்பி வந்தான். லத்தீன் பாடம் தலையில் ஏறவில்லை, அதனால் அனுப்பிவிட்டார்கள் என்று அப்பா எல்லோருக்கும் சொன்னார். 

“லத்தீன் வராம இல்ல. எல்லாம் என்னாலதான்,” என்றார் தெரேசா அன்ரி. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பாடகர் குழுவில் மூன்றாவது வரிசையில் நின்று பாடியதைத் தவிர, தான் வேறொரு குற்றமும் செய்யவில்லை என்றும் சொன்னார். “மாமனார் மானத்துக்காக அப்படிச் சொல்லி வச்சாரு. ஒரு பொம்பளைக்காக வந்துட்டான்னு சொல்றதவிட மண்டையில ஏறலன்னு சொல்றது அவருக்கு லேசா இருந்துச்சு. செத்துப்போன மனுசனைப் பொய்யர்ன்னு சொல்ல இவருக்கு வாய் வராது. அதான் இந்தச் சொல்லைப் புடிச்சுத் தொங்குறாரு. நாலு பேர் முன்னால, ஒரு தடவை, அந்த லத்தீனை முழுசாச் சொல்லிட்டாப் போதும் அவருக்கு.”

அங்கிள் ஒன்பது புல்ஸ்கேப் தாள்களோடு வந்தார். ஐந்து கிரேக்கத்துக்கு, நான்கு லத்தீனுக்கு. கிரேக்கம் அவர் படித்ததல்ல. ஓர் அகராதியில் பொறுக்கியது. லத்தீன்தான் அவருடைய சொந்தச் சம்பாத்தியம். ஆனால் சொல் கிரேக்கத்தில் தொடங்குகிறபடியால் அவரும் அங்கேதான் தொடங்கவேண்டும். இது அந்தச் சொல்லைப் படைத்தவர்கள் அவருக்குச் செய்த அநியாயம்.

*

முதல் தடவை அவர் தொடங்கியது எண்பத்திரண்டில். குவைத்தில் இருந்த தெரேசா அன்ரியின் தம்பி ஒரு டெலிவிஷன் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் ஒழுங்கையில் அதுதான் முதல் பெட்டி. பார்க்க வந்தவர்கள் முப்பது முப்பத்தைந்து பேர்.

அந்த முன்ஹோலில் யார் எங்கே இருப்பது என்று யாரும் எழுதி வைக்கவில்லை; ஆனால் பாராளுமன்றத்தில்கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது. அரசாங்க உத்தியோகத்தர்களுக்குக் கதிரை. கடைக்காரர்களுக்கு வாங்குப் பலகை. பெண்களுக்குப் பாய். பிள்ளைகளுக்கு வெறும் சீமெந்து. பிந்தி வந்தவர்களுக்கு யன்னல். நானும் என் கூட்டாளி ஜொனியும் யன்னல். வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில், என் நெற்றியில் அரை மணித்தியாலத்துக்கு இரண்டு கோடுகள் இருக்கும்.

நுழைவுச் சீட்டு செபமாலை. ஆறரைக்குச் செபமாலை சொல்லி முடித்தால்தான் தெரேசா அன்ரி பெட்டிமேல் கிடக்கிற பின்னல் துணியை எடுப்பார். கதிரேசன் கோயிலுக்குப் போகிற எங்கள் வீட்டில், எனக்குத் தேவாரம் ஒன்று பாடமாவதற்கு முன்னமே செபமாலையின் ஐந்து காரணிக்கங்களும் பாடமாகிவிட்டன. அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. எதையாவது பாடமாக்குகிறானே என்றார். எங்கள் இன்னொரு கூட்டாளி ஷிஹாபின் உம்மா மட்டும் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஆகவே ஷிஹாப் படியில், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கடைசி ‘ஆமென்’ காதில் விழுந்தவுடன் எழுந்து உள்ளே வருவான். ஆமெனுக்காக அவ்வளவு பக்தியோடு காத்திருந்த ஒருவனை நான் பிறகு கண்டதில்லை.

முதல் நாள் செபமாலை முடிந்தும் அங்கிள் பெட்டியைப் போடவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு அதன் முன்னால் வந்து நின்றார். கூரையில் சுந்தரலிங்கம் அண்ணன் அன்ரனாவைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். அன்பர்களே, என்று அங்கிள் தொடங்கினார். ‘டெலி’ கிரேக்கம், தூரம் என்று அர்த்தம் என்றார். டெலிபோனிலும் டெலிகிராமிலும் அதே டெலிதான் என்று விளக்கினார். அடுத்து ‘விஷன்’, அது எங்கிருந்து வந்ததென்றால், என்று கையை உயர்த்தினார். அப்போது யாரோ பொறுமையிழந்து பித்தானை அழுத்திவிட்டார்கள். அவருடைய இடுப்புக்குப் பின்னாலிருந்து சிங்களத்தில் செய்தி கேட்டது. முப்பத்தைந்து பேரும் ஒரே குரலில், அங்கிள், தள்ளுங்க என்றோம்.

தள்ளினார்.

அதன் பிறகு நடந்த பின்னேரங்களைப் பற்றி எழுதுவதானால் எனக்குக் கேலி வராது; ஆகையால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படம் ஆடும், கோடு விழும், கூரையிலிருந்து “இப்ப?” என்று குரல் வரும், உள்ளேயிருந்து முப்பது பேர் “இல்ல” என்போம். சிங்கள நாடகத்தில் அழுகிற பெண்ணுக்காகப் பாயிலிருந்த தமிழ்ப் பெண்களும் அழுவார்கள். என்ன சொல்லி அழுதாள் என்று பிறகுதான் விசாரிப்பார்கள். முடிந்து போகும்போது செருப்புக் குவியலில் எனக்குக் கிடைக்கிற இரண்டும் பெரும்பாலும் ஒரே காலுக்கானவை. இது ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் கூட நடந்தது. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அந்த முன்ஹோலில் கதிரைகள் மிஞ்சத் தொடங்கின. சிலர் இந்தியாவுக்குப் போனார்கள், சிலர் யாழ்ப்பாணத்துக்கு. எனக்குக் கதிரை கிடைத்தது அப்போதுதான். நான் அதைக் கேட்கவில்லை.

அங்கிளோ விடவில்லை. தன்னுடைய பிரியாவிடை விருந்தில் தொடங்கினார். கிரேக்கம் முடிகிற நேரம் மேலதிகாரியின் கார் வந்தது. கல்லறையில் ஒரு நண்பனுக்கு அனுதாப உரை சொல்லும்போது, அந்த நண்பனும் டெலிவிஷன் பார்த்தவன் என்ற தொடர்பைப் பிடித்துத் தொடங்கினார், மழை வந்தது. குண்டசாலை பஸ்ஸில் பக்கத்தில் நின்ற ஓர் ஆசிரியரிடம் தொடங்கி, மிக அருகில் போய்விட்டார். ‘லத்தீன்’ என்ற சொல்லே வாயில் வந்துவிட்டதாம். கண்டக்டர் “இஸ்ஸரஹட்ட யன்ன”, முன்னால் போங்கள் என்று சிங்களத்தில் கத்த, ஆசிரியர் கூட்டத்தோடு முன்னால் தள்ளப்பட்டு, லத்தீனைக் கேளாமலே இறங்கிப்போனார்.

*

இப்போது செயலாளரின் குற்றத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் இலக்கியக் கூட்டம் என்பது பேச்சாளருக்காக வைப்பதல்ல. மங்கல விளக்குக்காகவும், அதிதிகளுக்காகவும், பொன்னாடைக்காகவும் வைப்பது. பேச்சாளர் என்பவர் இவற்றுக்கிடையில் ஒரு காரணம். நானும் பழக்கத்தில் கைபோன போக்கில் நிகழ்ச்சி நிரலைப் போட்டேன். விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, பிரதம அதிதி உரை. அங்கிளின் பெயர் ஆறாவதாக வந்தது. ஆறு மணிக்கு நவநாள் வழிபாட்டுக்காக மண்டபத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் நிரல் பார்க்க அழகாக இருந்தது.

பிரதம அதிதி ஷிஹாப். அதே படி ஷிஹாப்தான். இப்போது ஷிஹாப் ஹாஜியார், கட்டுகஸ்தோட்டையில் பெரிய இரும்புக் கடை. கதிரைகளும் சிற்றுண்டியும் அவருடைய உபயம். நாலு மணிக்குத் தொடங்கவேண்டிய கூட்டம் அவர் வரும்வரை தொடங்கவில்லை. நாலு நாற்பதுக்கு வந்தார். விளக்கின் ஐந்து திரிகளுக்கு ஏழு பேரைக் கூப்பிட்டுவிட்டோம். இரண்டு பேர் எரிகிற திரியையே மறுபடி ஏற்றினார்கள்.

தலைமையுரையில் சுந்தரலிங்கம் அண்ணன் பேச்சாளரை அறிமுகப்படுத்த வேண்டும். அவர் அன்ரனாவை அறிமுகப்படுத்தினார். கமுகு மரத்தில் எப்படிக் கட்டினார், ஹுன்னஸ்கிரிய மலை பக்கம் திருப்பினால் என்ன விழும், எதிர்ப்பக்கம் திருப்பினால் என்ன விழும், கூரைத் தகரத்தில் கால் எப்படிச் சுட்டது என்றெல்லாம் பதினைந்து நிமிடம். சபையில் யாரோ “இப்ப?” என்று குரல் கொடுக்க, அறுபது கதிரையில் இருந்த நாற்பத்தெட்டுப் பேரில் அந்தக் காலத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் “இல்ல” என்றோம். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அடுத்து ஹாஜியார். அவருடைய பேச்சைக் குறைசொல்லவேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் அவர் நன்றாகப் பேசினார். படியில் இருந்ததைச் சொன்னார். உள்ளே செபமாலை நடக்கும்போது தெரேசா அன்ரி குசினி வழியாக வந்து, சிறுவன் ஷிஹாபின் கையில் ஒரு பலகாரத்தை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பிப் போய்ச் செபத்தில் சேர்ந்துகொள்வார் என்றார். அது எங்கள் எவருக்கும் தெரியாது. யன்னலில் நின்ற எங்களுக்கு ஒருநாளும் பலகாரம் கிடைத்ததில்லை. முன்வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் மூக்கைத் துடைத்தார்கள். செயலாளர் மணிக்கூட்டைப் பார்க்கவேண்டிய இடம் அது. செயலாளரும் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்படியாக, பஸ்தியாம்பிள்ளையின் முன்ஹோலைப் பற்றி எல்லோரும் பேசி முடித்து, பஸ்தியாம்பிள்ளையைப் பேச அழைத்தபோது ஐந்து இருபத்தைந்து.

அவர் கோட்டுப் போட்டிருந்தார். ஒன்பது தாள்களையும் மேசையில் அடுக்கி, மைக்கை ஒருமுறை ஊதிப்பார்த்துத் தொடங்கினார். சும்மா சொல்லக்கூடாது, கிரேக்கம் பிரமாதம். டெலி, போன் இரண்டும் கிரேக்கம். டெலி, கிராம் இரண்டும் கிரேக்கம். அவை சொந்தத்துக்குள்ளே கட்டிக்கொண்டவை என்றார். டெலிவிஷன்தான் வெளியே போய்க் கட்டியது. அது ஒரு கலப்புக் கல்யாணம், இங்கிலாந்தில் படித்த பெரியவர்கள் பலருக்கு அதை ஏற்க மனம் வரவில்லை, சொல் கெட்டுப்போய்விட்டது என்றார்கள், ஆனால் சொல் நன்றாகத்தான் இருக்கிறது, என்றார். இதைச் சொல்லும்போது முன்வரிசையில் இருந்த தெரேசா அன்ரியைப் பார்த்தார். பிறகு ஒரு பிழை விட்டார். சபை ரசிக்கிறது என்று கண்டு, நீங்கள் உட்கார்ந்திருக்கிற ‘கதிரை’யும் கிரேக்கம்தான் என்றார். கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குப் போய், லத்தீனிலிருந்து போர்த்துக்கீசுக்குப் போய், கப்பலேறி இங்கே வந்தது என்றார். நாற்பத்தெட்டுப் பேரும் குனிந்து தங்கள் பிளாஸ்டிக்கைப் பார்த்தார்கள். அதற்கு ஆறு நிமிடம் போயிற்று.

ஐந்தாவது தாளை அவர் புரட்டினார். தண்ணீர் குடித்தார். இனி விஷன் என்ற பகுதிக்கு வருவோம், என்றார்.

ஹாஜியார் என் காதுக்குக் கிட்ட வந்தார். “மச்சான், கோவிக்க வாணாம். குண்டசாலைல நிக்காஹ் ஒன்னு ஈக்கி. நான் போகோணும். பொன்னாடைய இப்பவே போட்டுட்டுப் போறனே.”

பிரதம அதிதி போனபின் பொன்னாடையைப் போர்த்த ஆள் ஏது? அங்கிளுக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. ஒரு நிமிடம்தானே என்றும் தோன்றியது. நான் எழுந்து மேடைக்குப் போய், அங்கிளின் கையைத் தொட்டு, ஒரு சின்ன இடைவேளை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

ஹாஜியார் பொன்னாடை போர்த்தினார். கைதட்டல். எல்லா அதிதிகளும் மேடையேறிப் படம் எடுத்தார்கள். அதிலேதான் வந்தது வினை. எங்கள் ஊரில் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். அதை யாரும் அறிவிப்பதில்லை. பூசையில் எப்போது எழும்புவது என்று யாரும் சொல்லித்தருவதில்லை அல்லவா, அதுபோல. சபை எழும்பியது. கதிரைகள் பின்னால் தள்ளுப்பட்டன. இன்னும் முடியவில்லை, தயவுசெய்து அமருங்கள் என்று நான் மைக்கில் சொன்னதை நன்றியுரை என்று நினைத்துச் சிலர் திரும்பிப் பார்த்துக் கையும் தட்டினார்கள். சுந்தரலிங்கம் அண்ணன் ஹாஜியாரைக் கார்வரை வழியனுப்பப் போனார். இரண்டு நிமிடத்தில் மண்டபத்தில் யாருமில்லை. வெளி விறாந்தையில் பழைய கதைகள் உச்சத்தில் நடந்துகொண்டிருந்தன.

அங்கிள் பொன்னாடையோடு மைக்கின் முன்னால் நின்றார். இத்தாலியில் இருக்கிற அவருடைய மகள் அனற் கேட்டாள் என்பதற்காக, ஒலிபெருக்கிக்காரன் ஜொனி தன்னுடைய போனில் கூட்டத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தான். என்னோடு யன்னலில் நின்ற அதே ஜொனி. பொன்னாடையோடு அவனும் பதிவை நிறுத்திவிட்டு வயர் சுருட்டத் தொடங்கியிருந்தான்.

தெரேசா அன்ரி மட்டும் எழும்பவில்லை. மடியில் கைப்பையோடு அப்படியே இருந்தார்.

“தம்பி, உக்காருங்க. ஜொனி, போனைத் திரும்ப அமத்துப்பா. நீங்க சொல்லுங்க.”

நான் உட்கார்ந்தேன். ஜொனி வயரைக் கீழே போட்டுவிட்டுப் போனை அழுத்தினான். மணி ஐந்து ஐம்பது. அங்கிள் மீதி நான்கு தாள்களையும் கையில் எடுத்தார். முதலாவதைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார். பிறகு நாலையும் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, மைக்கைத் தன் உயரத்துக்குச் சரிசெய்தார்.

“விசியோ. லத்தீன். பார்வைன்னு அர்த்தம். மேட்டுல, குருமடத்துல படிச்சேன். ரெண்டு வருசம். லத்தீன் பாடத்துல ரெண்டு வருசமும் நான்தான் முதலாம் ஆள்.”

நாங்கள் காத்திருந்தோம். அவரும் காத்திருந்தார். யாரும் வரவில்லை, கார் வரவில்லை, மழை வரவில்லை. நிறுத்துவதற்கு ஒருவருமில்லை.

“இன்னும் இருக்கா?” என்று கேட்டார் தெரேசா அன்ரி.

“இல்ல.”

“நாலு பக்கம் எழுதினீங்களே.”

“அதெல்லாம் சும்மா.”

மேடையிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்து அன்ரியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பொன்னாடை தோளிலிருந்து சரிந்தது. அன்ரி அதை எடுத்து நாலாக மடித்தார். அங்கிளின் முகத்தில் ஓர் அமைதி. நான் கண்ட எந்தப் பேச்சாளரின் முகத்திலும் அப்படியொன்றைப் பார்த்ததில்லை. எல்லாம் பதிவாகிவிட்டதா என்று அவர் ஜொனியிடம் கேட்டார். ஜொனி போனைத் தட்டிப் பார்த்தான்.

லத்தீன் பாதி முழுதும் பதிவாகியிருந்தது. பதினொரு செக்கன்.